சீல் விழாத ஏரோகிராம்

1

எங்கள் தெரு மூலையில் நின்ற சிவப்புத் தபால்பெட்டியை இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போது கையில் மூன்று உறைகளோடு அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தேன். ஒருவன் ஆணியைத் திருகினான், மற்றவன் பெட்டியைத் தாங்கிப் பிடித்தான். பத்து நிமிட வேலை.

"நான் இதை எங்கே போடுவது?" என்று உறைகளைக் காட்டிக் கேட்டேன்.

தாங்கிப் பிடித்தவனுக்கு என் மகளின் வயது இருக்கும். கடைசியாக எப்போது கடிதம் போட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டான். நேற்று என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

டென்மார்க்கில் இனிக் கடிதம் எடுப்பதும் கொடுப்பதும் இந்த நாட்டுத் தபாலின் வேலை இல்லையாம். கொழும்பில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். எனக்கும்தான். இனி ஒரு கடிதம் அனுப்புவதென்றால் போனில் ஒரு இலக்கம் வாங்கி, அதை உறையின் மேல் பேனையால் எழுதி, சுப்பர்மார்க்கட்டுக்குள் பால் பெட்டிக்கும் பூங்கொத்துக்கும் நடுவே நிற்கிற ஒரு மேசையில் கொடுக்க வேண்டும். வேறொரு கம்பனி வந்து எடுத்துப்போகும். முத்திரை கிடையாது, சீலும் கிடையாது. ஒரு கடிதம் எந்த ஊரில் எந்த நாளில் புறப்பட்டது என்பதற்கு அடையாளமே இருக்காது.

மற்றவர்களுக்கு இது ஒரு செய்தி. எனக்கு இது வயிற்றில் அடித்த மாதிரி. ஏனென்றால் நான் முப்பது வருடமாகச் சேர்ப்பது அந்தச் சாமான்களைத்தான். முத்திரை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முத்திரையை ஒட்டாமல் தாளிலேயே அச்சடித்து விற்கிறார்களே, தபாலட்டை, உறை, மூன்றாக மடித்து ஒட்டினால் தானே உறையாகிற வெளிநாட்டுக் கடிதத்தாளான ஏரோகிராம், பதிவுத் தபால் உறை, அவற்றைத்தான். ஐஸ்லாந்தில் இருந்து ஒரு தபாலட்டை, யப்பானில் புதுவருடத்துக்கு விற்கிற குலுக்கல் இலக்கம் போட்ட அட்டை, பூட்டானின் ஏரோகிராம், இந்தியாவின் உள்நாட்டுக் கடிதம், இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள். அந்தந்த நாட்டுத் தபால் அதிபருக்கு எழுதி, என் விலாசத்தை எழுதிய அட்டையை அவர் கையால் சீல் குத்தி அனுப்பவைப்பது என் முறை. பாதிப் பேர் பதில் போடுவதில்லை. பதில் வருகிற அன்று என் மனுசி கேட்பாள்: "யார் செத்தது, இப்படிச் சிரிக்கிறியள்?"

டெனிஷ் மொழியில் இந்தச் சாமான்களுக்கு உள்ள பெயருக்கு 'முழுப்பொருள்' என்று அர்த்தம். வெட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது, முழுசாக இருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ஆத்திரம் எல்லாம் அதில் இருந்துதான் வருகிறது.

2

பெட்டி போன அதே கிழமையில் மகளிடம் இருந்து ஒரு செய்தி வந்தது.

நீனா என் ஒரே பிள்ளை. இரண்டு வருடங்களுக்கு முன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எனக்குப் பிடிக்காத ஒரு பொடியனோடு கொப்பன்ஹேகனுக்குப் போனாள். வாசலில் நின்று நான் ஒரு வசனம் சொன்னேன். 'போ. போனால் திரும்பி வராதே.' இப்போது நினைத்தால் அது நான் சின்ன வயதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பார்த்த ஏதோ ஒரு தமிழ்ப் படத்தில் ஒரு தகப்பன் சொன்னது போலிருக்கிறது. படத்தில் அந்தத் தகப்பனுக்கு உடனே பின்னணி இசை போட்டார்கள். எனக்கு மனுசி கதவை அடித்துச் சாத்தியதுதான் இசை.

இப்போது அந்தப் பொடியன் அவளோடு இல்லை. செய்தியில் இருந்தது ஒரே ஒரு வரி. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அதை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. 'அப்பா, வீட்டுக்கு வரட்டா?'

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருடம் காரில் ஏற்றி இறக்கிய பிள்ளை. அவள் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக்கூடிய தமிழ்ச் சொற்கள் நாலே நாலு: அம்மா, அப்பா, வா, போ. அந்த நாலும் முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தவை. அதற்கு மேலே போக அவளுக்கு மனமில்லை, என்னிடம் பொறுமை இல்லை.

நான் பதில் போடவில்லை. வாசித்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீல அடையாளங்கள் அவளுடைய போனில் விழுந்திருக்கும். மனுசி ஒரு கிழமை பொறுத்தாள்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அவள் கேட்டது உங்களை. பதிலைப் போடுங்கோ."

"யோசிக்க வேணும்."

"ரெண்டு வருஷமா என்ன செய்தனீங்கள்?"

எனக்குத் தெரியும், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது என்னவென்று. நானும் ஒருமுறை இதே மாதிரி ஒன்றைக் கேட்டவன். டென்மார்க்குக்கு அகதியாக வந்து நான்காவது வருடம். அப்பா இறந்து ஆறு மாதம். விசா இழுபட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிறேன் என்று ஒரு கையெழுத்து வைத்தால் டிக்கட்டை டெனிஷ்காரர்களே எடுத்துத் தருவார்கள். அம்மாவுக்கு ஒரு ஏரோகிராமில் எழுதிக் கேட்டேன், 'அம்மா, நான் திரும்பி வரட்டா? ஒரு சொல் எழுதுங்கோ, அது போதும்' என்று. வீட்டில் அப்போது போன் இல்லை. சந்திக் கடைக்கு எடுக்கலாம், ஆனால் கடைக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அது அப்படிக் கேட்கிற கேள்வி இல்லை.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் மழை, மீன் விலை, தங்கச்சி ஸ்டெல்லாவின் பரீட்சை என்று எல்லாம் இருந்தன. நான் கேட்டதற்கு மட்டும் ஒரு எழுத்தும் இல்லை. வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருந்துவிட்டேன். நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். பிறகு எத்தனையோ முறை கொழும்புக்கு வந்துபோனேன், கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் இரண்டாம் முறை கேட்க மாட்டேன் என்ற வீம்பு. அந்த வீம்போடுதான் போன வருடம், அம்மாவின் சவப்பெட்டி மூடின பிறகு வந்து இறங்கினேன்.

3

இந்த வருடம், நீனாவுக்குப் பதில் போடாமலே, அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலில் பூசை, வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் சாப்பாடு.

ஸ்டெல்லா ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் கிளாக்காக இருந்து நேரத்தோடு ஓய்வு பெற்றவள். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடியில் இருக்கிறாள். நான் வருகிற போதெல்லாம் லிஃப்ட் பழுது. இந்த முறை லிஃப்ட் வேலை செய்தது, ஆனால் கரண்ட் இல்லை. ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் உள்ள கோப்பைகள் எல்லாம் கதைக்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். பூசை முடிந்து வருகிற வழியில் அதைப் பார்த்தேன். என்ன மாடல் என்று கேட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அம்மாவிடம் இருந்த என் கடிதங்கள். டென்மார்க்குக்குப் போகிற வழியில் மொஸ்கோவில் பத்து நாள் நின்றபோது வாங்கிய தபாலட்டை, கிழக்கு பெர்லினில் இருந்து போட்ட இன்னொன்று, பிறகு டென்மார்க்கில் இருந்து மாதம் ஒன்றாக எழுதிய ஏரோகிராம்கள். அந்த இரண்டு நாடுகளும் இப்போது அந்தப் பெயரில் இல்லை. டெனிஷ் ஏரோகிராமும் எப்போதோ நின்றுபோனது. சீலோடு, முழுசாக, ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு தொகுதி. டென்மார்க்கில் எங்கள் முத்திரைக் கழகத்து வெள்ளைக்காரர்களுக்கு அதைக் காட்டினால் கோப்பி ஆறிப்போகும்வரை வாய் மூடமாட்டார்கள்.

இதைத் தபாலில் அனுப்பு என்று ஸ்டெல்லாவிடம் ஒரு வருடமாகக் கேட்டேன். உள்ளே என்ன என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். பழைய கடிதம் என்று எழுதினாளாம். பெறுமதி என்ன என்று கேட்டார்களாம். பெறுமதி இல்லை என்றால் ஏன் அனுப்புகிறீர்கள் என்றார்களாம். அவள் பார்சலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "நீங்கள் வந்து நீங்களே சண்டை பிடியுங்கோ" என்றாள்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, உள்ளறையில் இருந்து இரண்டு தகரங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வட்டமான நீல நிற டெனிஷ் பிஸ்கட் தகரங்கள். ஒவ்வொரு முறையும் நான் காவிக்கொண்டு வந்தவை. கொழும்பில் எந்த வீட்டில் இந்தத் தகரம் இருந்தாலும் உள்ளே ஊசி நூல்தான் இருக்கும். அம்மா அதில் என்னை வைத்திருந்தா.

பெரிய தகரத்தைத் திறந்தேன். முதல் ஏரோகிராமை எடுத்து விரித்தேன். அதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் மூன்று. மொஸ்கோத் தபாலட்டையின் வலது மூலையே இல்லை. பெர்லினும் அப்படித்தான். அறுபது எழுபது கடிதங்கள். ஒன்று விடாமல், முத்திரை இருந்த இடம் சதுரமாக, சுத்தமாக, கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது.

4

"இது யார் செய்தது?"

"அம்மா."

"எலி கடிச்சாலும் இப்படி வெட்டாது. அம்மாவுக்கு என்ன விசரா?"

ஸ்டெல்லா எழுந்து போனாள். வந்தபோது கையில் ஒரு காட்போட் அட்டை இருந்தது. சப்பாத்துப் பெட்டியின் மூடி. அதில் பன்னிரண்டு வயதில் நான் பச்சை மையில் எழுதிய சட்டங்கள். அப்பா துறைமுகத்தில் கப்பல் கந்தோர் ஒன்றில் கிளாக். குப்பைக் கூடையில் விழுகிற வெளிநாட்டு உறைகளை எனக்குக் கொண்டுவருவார். வீட்டில் எல்லோரும் கடிதத்தை அவசரமாகத் திறந்து முத்திரையைக் கிழித்துவிடுகிறார்கள் என்று எனக்குக் கோபம். அதனால் சட்டம் போட்டுச் சுவரில் குத்திவிட்டேன்.

கடிதம் வந்தால் திறக்க முன் முத்திரையை வெட்ட வேண்டும். சுற்றிவர ஒரு விரல் அகலம் விட வேண்டும். சீல் விழாத முத்திரை புத்தம் புதுசு, அதை வெட்டவோ தொடவோ கூடாது. மீறுபவர்களோடு கதைக்கமாட்டேன். கீழே என் முழுப் பெயர், கையொப்பம்.

"நீங்கள் போட்ட சட்டம்தானே அண்ணா. அம்மா கடைசி வரைக்கும் அதை மீறேல்லை."

"ஒட்டின முத்திரைக்கடி அது. இது ஏரோகிராம். முத்திரை தாளிலேயே அச்சடிச்சிருக்கு. கடிதத்தையே வெட்டியிருக்கிறா, மடிச்சபடி. அதுதான் மூண்டு ஓட்டை."

"அதை அவவுக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. டென்மார்க்கில் பாஷை பழகலாம் என்று முத்திரைக் கழகத்தில் சேர்ந்தேன். நான் வெட்டி வைத்திருந்த சதுரங்களைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டு, அன்றோடு முழுப்பொருள்காரனாக மாறினேன். அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன், பனி எத்தனை அடி என்று எழுதினேன், பாண் என்ன நிறம் என்று எழுதினேன். இனி முத்திரையை வெட்ட வேண்டாம் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. நான் அங்கே வெட்டாமல் பாதுகாக்க, அவ இங்கே எனக்காக வெட்டிப் பாதுகாத்திருக்கிறா. ஒரு கடிதத்துக்கு இரண்டு பக்கமும் இப்படிப் பாடுபட்ட குடும்பம் உலகத்தில் வேறு இருக்காது.

அந்த ஆத்திரத்தின் நடுவே எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கடிதங்களைக் கிண்டி அந்த நான்காம் வருடத்துக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். இருந்தது. 'அம்மா, நான்' என்பதற்குப் பிறகு ஓட்டை. ஓட்டைக்கு மற்றப் பக்கம் 'அது போதும்' என்று முடிகிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ என் கேள்வியை வாசிக்கவே இல்லை. அதுதான் பதில் இல்லை. வேண்டாம் என்று அவ நினைக்கவில்லை. முப்பது வருடமாக நெஞ்சில் கிடந்த ஒன்று கத்தரிக்கோலின் குற்றம் என்று ஆகிவிட்டது. ஸ்டெல்லாவுக்கு அதைக் காட்டிச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு மற்றத் தகரத்தை என் பக்கம் தள்ளினாள்.

சின்னத் தகரத்தில் முத்திரைச் சதுரங்கள் இருந்தன. தனியாக இல்லை. ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே, அதோடு வெட்டுப்பட்ட மற்ற இரண்டு துண்டுகளும் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது. துண்டுகளில் என் கையெழுத்து.

"வெட்டினாப்பிறகு துண்டுகளைத் திரும்ப ஓட்டைக்குள்ள வைச்சு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாத்தையும் வாசிப்பா. ஒரு சொல் விடமாட்டா. பிறகுதான் ஊசி குத்துறது. உங்கட கேள்வியும் வாசிச்சவ அண்ணா. நான் பக்கத்தில இருந்தனான்."

5

நான் கதிரையில் இருந்தேன். கரண்ட் வந்தது, மின்விசிறி சுற்றத் தொடங்கியது. துண்டுகள் பறக்காமல் ஸ்டெல்லா இரண்டு கைகளாலும் தகரத்தை மூடினாள்.

"அப்ப ஏன் பதில் போடேல்லை?"

"போட்டவ."

"எனக்கு வரேல்லை."

"வராது. அடியில பாருங்கோ."

பெரிய தகரத்தின் அடியில், பிஸ்கட்டுக்குக் கீழே வைக்கிற வெள்ளைத் தாளுக்கும் கீழே, ஒரு ஏரோகிராம் இருந்தது. இலங்கை ஏரோகிராம். அம்மாவின் சாய்ந்த எழுத்தில் என் அகதி முகாம் விலாசம், டென்மார்க் என்பது இரண்டு முறை அடிக்கோடிட்டு. மூன்று பக்கமும் பசை போட்டு ஒட்டியிருந்தது. சீல் இல்லை. அந்தத் தகரத்தில் முழுசாக இருந்தது அது ஒன்றுதான். சீல் விழாததை வெட்டக்கூடாது என்பது சட்டம்.

ஸ்டெல்லா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்ப பதினாறு. உங்கட கடிதம் வந்த அண்டைக்கே அம்மா தபால் கந்தோருக்குப் போய் ஏரோகிராம் வாங்கினவ. எழுதி ஒட்டிப்போட்டுத்தான் என்னைக் கூப்பிட்டவ, என்ன எழுதினவ எண்டு எனக்குத் தெரியாது. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, கடிதத்தை அவற்ற காலடியில வைச்சு எடுத்துக்கொண்டு, வாற வழியில பெட்டியில போடுவம் எண்டு வந்தனாங்கள். சந்தியில ஆமிக்காரரின்ர சுற்றிவளைப்பு. பொடியன்களை வெயிலுக்க இருத்தி வைச்சு ஒவ்வொருத்தரா ட்ரக்கில ஏத்தினவங்கள். எங்கட ஒழுங்கைப் பொடியன் ஒருத்தன் அதில. உங்கட வயசு. எங்களைப் பார்த்திட்டுத் தலையைக் குனிஞ்சான். தபால்பெட்டி இதோ இருக்கு, பத்து அடி. அம்மா கடிதத்தை சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டு என்ர கையைப் பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டா."

"பிறகு?"

"பிறகு என்ன. அப்ப வராதே எண்டு வேற ஒண்டு எழுதிப் போடுங்கோ, அண்ணா பாத்துக்கொண்டிருப்பார் எண்டு நான் சொன்னனான். அப்பிடி ஒரு சொல்லை என்ர பிள்ளைக்கு நான் எழுதமாட்டன் எண்டா. இதை அனுப்பவும் இல்லை, அதை எழுதவும் இல்லை. நிலைமை அடங்கட்டும் எண்டு வைச்சிருந்தா. அடங்கினாப்பிறகு நீங்கள் கலியாணம் எண்டு எழுதிப்போட்டியள்."

"இத்தினை வருஷமா நீ ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டால்தானே. வரேக்குள்ள எல்லாம் முத்திரையைப் பற்றித்தானே கேட்டனீங்கள்."

வராதே என்ற சொல்லை எழுத ஒரு தாய்க்குக் கை வரவில்லை. அவ பெற்ற பிள்ளை அதை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். இதை ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

6

அடுத்த நாள் காலையில் நான் செய்த வேலையைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஸ்டெல்லா திட்டிவிட்டாள். அந்த ஏரோகிராமைத் திறக்காமல் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அதை எனக்கே போடுவதாக எண்ணம். குறை முத்திரையை ஒட்டி, சீல் குத்தி, டென்மார்க்குக்கு அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு திறப்பது. அப்போதுதான் அது முழுப்பொருள். முப்பது வருடப் பழக்கம் அப்படி ஒரே நாளில் போகாது.

"கடிதம் எண்டால் வாசிக்கிறதுக்கு. அதுவும் அம்மாவின்ர. உங்களுக்கு உண்மையாவே மண்டை பிழை" என்று சொல்லிக்கொண்டு என்னோடு ஸ்டெல்லாவும் வந்தாள். பெருந்தெருவான காலி வீதியைக் கடக்க என்னை விட்டால் நான் வலது இடது மாறிப் பார்த்து அடிபட்டுவிடுவேன் என்பது அவளுடைய பயம்.

கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் என்ன வேண்டும் என்றாள். எனக்குச் சிங்களம் வாயில் வருவதற்குள் டெனிஷ் வந்துவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ஸ்டெல்லா இடையில் புகுந்து விளங்கப்படுத்தினாள். அந்தப் பெண் ஏரோகிராமை இரண்டு கைகளாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏரோகிராம் தென் நே, மஹத்தயா." ஏரோகிராம் இப்போது இல்லையாம். இல்லாததைத்தான் கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். பிறகு அச்சிட்ட முத்திரையின் பெறுமதியைப் பார்த்துச் சிரித்தாள். மிச்சத்துக்கு முத்திரை ஒட்ட வேண்டும், ஒட்ட இடம் போதாது, பின்பக்கம் ஒட்டலாமா என்று உள்ளே கேட்டுவிட்டு வந்தாள். டென்மார்க்கில் கடிதம் கொடுப்பதில்லை என்று எங்கேயோ வாசித்தேன், அங்கே போய் யார் கையில் சேரும் என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன். விலாசத்தில் உள்ள இடம் என்ன என்று கேட்டாள். அகதி முகாம், இப்போது அதில் முதியோர் இல்லம் நடக்கிறது என்றேன். அனுப்புபவர் யார்? அம்மா. அம்மா வந்து கையெழுத்து வைப்பாவா? ஸ்டெல்லா கவுண்டரின் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்து முத்திரைகளும் வந்தன. அந்தப் பெண் சீல் கட்டையை மைத்தட்டில் ஒற்றினாள். நான் முப்பது வருடமாக ஆசைப்பட்டுக் கேட்கிற சத்தம் அது. என் நாட்டுச் சீல், என் கண்ணுக்கு முன்னால். அவள் கையைத் தூக்கினபோது அம்மா சந்தியில் நின்றது எனக்கு நினைவு வந்தது. பத்து அடியில் பெட்டி. இந்தக் கடிதம் வழியில் நின்றது போதும் என்று பட்டது.

"வேண்டாம்" என்றேன். அதுவும் டெனிஷில் வந்துவிட்டது. ஆனால் கை நீட்டியதை அவள் விளங்கிக்கொண்டாள்.

சுவர் ஓரம் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தேன். வீட்டுச் சாவியால் ஒட்டியிருந்த ஓரங்களை வெட்டினேன். பசை காய்ந்துபோயிருந்தது, கிழியாமல் விட்டது. ஏரோகிராம் முழுவதும் இடம் இருந்தும் அம்மா நாலைந்து வரிதான் எழுதியிருந்தா.

'அன்பு மகன், உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீ கேட்டதுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. வா. மற்றதைப் பிறகு பார்ப்போம். வரும்போது குளிர்ச்சட்டையை அங்கே யாருக்கும் கொடுத்துவிட்டு வா, இங்கே தேவைப்படாது. அம்மா.'

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை அனுப்பியிருக்கலாமே அம்மா என்று. அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். வந்திருந்தால் அந்த ட்ரக்கில் இருந்திருப்பேனோ என்னவோ. அதை யோசித்துத்தான் அவ முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தா, நான் அதை வேண்டாம் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். அவவிடம் ஒரு காரணம் இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? மூன்று கிழமையாக ஒரு பிள்ளை இரண்டு நீல அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்காக எந்தத் தகரத்தின் அடியிலும் ஒன்றும் இல்லை.

ஸ்டெல்லா கடிதத்தை வாங்கி வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளிர்ச்சட்டை" என்று மட்டும் சொன்னாள்.

நான் போனை எடுத்தேன். தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவே ஒரு யுகம். வ-வைத் தட்டினால் வணக்கம் என்கிறது. ஆ-வைச் சேர்த்தால் வாழ்த்துகள் என்கிறது, வாடகை என்கிறது. எல்லாவற்றையும் அழித்து, அந்த ஒரு எழுத்தை மட்டும் நிறுத்தினேன். முதல் புத்தகம், முதல் பக்கம். அவள் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள்.

'வா.'

விரலை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு அடையாளங்களும் நீலமாகின. அங்கே விடியற்காலை. நித்திரையை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். முத்திரைகளை இன்னும் கையில் வைத்திருந்தாள். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கடிதத்தை அனுப்புவதா இல்லையா என்று, இந்த முறை தமிழில், மெல்லக் கேட்டாள்.

அனுப்பியாயிற்று என்றேன்.